வாயுவும் நாற்றமும்: ஒரு பாதுகாப்புச் சட்டத்தின் சமூக வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி ஒழுங்குவிதித் தொகுப்பில் 49ஆம் தலைப்பின் 192ஆம் பகுதி, இயற்கை வாயுவைக் குழாய்வழியாகக் கொண்டுசெல்வோர் கடைப்பிடிக்க வேண்டிய குறைந்தபட்சப் பாதுகாப்பு நியமங்களைக் கூறுவது. அதன் 625ஆம் பிரிவு வாயுவுக்கு நாற்றமூட்டுதல் பற்றியது. விநியோகக் குழாயிற் செல்லும் வாயு, வெடித்தற்குத் தேவையான மிகக் குறைந்த செறிவின் ஐந்திலொரு பங்களவு வளியிற் கலந்த நிலையிலேயே, இயல்பான மோப்ப உணர்வுடைய ஒருவர் எளிதில் உணரத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்பது அப்பிரிவின் சாரம். இயற்கை வாயுவின் பெரும்பகுதி மெதேன். மெதேன் வளியில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து வீதம் கலந்தால் வெடிக்கும். எனவே நூற்றுக்கு ஒரு வீதம் கலந்தவுடனேயே மூக்கு எச்சரிக்கப்படல் வேண்டும் என்கின்றது சட்டம்.

இவ்வாசகத்தில் இலக்கிய மாணவனொருவன் நின்று தயங்குவதற்குக் காரணமுண்டு. 'இயல்பான மோப்ப உணர்வுடைய ஒருவர்' என்பவர் யார்? அவர் எந்தக் குழாயின் முனையில் நிற்கின்றார்? அவர் நிற்கும் இடத்துக்குச் சட்டம் என்ன பெயரிட்டிருக்கின்றது? சட்ட வாசகங்கள் வானிலிருந்து இறங்கியவையல்ல. ஒவ்வொரு சொல்லின் பின்னும் ஒரு சமூக உறவு உண்டு; சிலவற்றின் பின்னே பிணங்களும் உண்டு. இயற்கை வாயுவுக்கு இயற்கையில் அனேகமாக மணமில்லை. அதற்கு மணம் மனிதராற் கொடுக்கப்பட்டது. யாருக்காகக் கொடுக்கப்பட்டது, யாருக்குக் கொடுக்கப்படாது விடப்பட்டது என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடங்குமுன் சொல்லைப் பற்றி ஒரு சொல். பழந்தமிழில் 'நாற்றம்' பூவின் மணத்தையுங் குறித்தது. இன்று அது துர்நாற்றத்தை மட்டுமே குறிக்குமளவுக்கு இழிந்துவிட்டது. வாயுத் தொழிலின் வரலாற்றில் இதற்கு நேர்மாறான போக்கொன்றைக் காணலாம். அங்கே முதலில் நாற்றம் தொல்லையாக இருந்தது. பின்னரே அது காவலாயிற்று.

1

1812இல் இலண்டனில் அரச பட்டயம் பெற்று நிறுவப்பட்ட வாயுக் கம்பனியும் அதனைப் பின்பற்றி ஏனைய நகரங்களில் எழுந்தவையும் விற்றது இயற்கை வாயுவையன்று. நிலக்கரியை மூடிய கலங்களில் வெப்பமேற்றிப் பெற்ற வாயுவையே அவை விற்றன. கந்தகச் சேர்வைகள் நிறைந்த அவ்வாயு கடுமையாக நாறியது. அதனைச் சுண்ணாம்பினூடாகச் செலுத்தி ஐதரசன் சல்பைட்டைப் போக்குவதே தொழில்நுட்பவியலாளரின் பெருங் கவலையாக இருந்தது. ஆயினும் எவ்வளவு தூய்மைப்படுத்தினும் எச்சமாக நின்ற வாடை வாயுக் கசிவைக் காட்டிக்கொடுத்தது. அவ்வாயுவில் காபனோரொட்சைட்டு என்ற கொடிய நஞ்சும் இருந்தமையால் அவ்வெச்ச வாடை பல உயிர்களைக் காத்திருக்கும். பண்டத்தின் குறைபாடே பாவனையாளரின் பாதுகாப்பாக அமைந்த விந்தை இது.

நீராவியைக் கனலும் கரியின்மீது செலுத்திப் பெறப்படும் நீர்வாயு புழக்கத்துக்கு வந்தபோது பிரச்சினை வேறு வடிவமெடுத்தது. அவ்வாயு நச்சுத்தன்மை மிக்கது. மணமோ மிகக் குறைவு. 1880களில் ஜேர்மனியில் குவாலியோ என்பவர் அதனுடன் எத்தைல் மேர்கப்டனைக் கலந்து கசிவைக் கண்டறிய வழிசெய்தார். அழுகிய முட்டைகோசையும் உள்ளியையும் ஒருங்கே நினைவூட்டும் மேர்கப்டன்களை மனித மூக்கு மிகமிகச் சிறிய செறிவிலும் உணர வல்லது. ஆகவே கொள்கையளவில் இப்பிரச்சினைக்கான தீர்வு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கையில் இருந்தது.

ஐக்கிய அமெரிக்காவில் அந்த அறிவு மறந்துபோய்விடவும் இல்லை. அந்நாட்டின் சுரங்கப் பணியகம் 1920ஆம் ஆண்டளவில், உலோகச் சுரங்கங்களில் தீ மூண்டால் ஆழத்திலுள்ள தொழிலாளரை எச்சரிப்பதற்கு, அவர்களுக்கு அனுப்பப்படும் அழுத்த வளியில் நாற்றப்பொருளைக் கலப்பது பற்றி ஆராய்ந்தது. 1931இல் அதே பணியகம், எரிவாயுக்களுக்குரிய எச்சரிக்கைப் பொருள்கள் பற்றி விரிவான ஆய்வு நூலொன்றை, அமெரிக்க வாயுச் சங்கத்தின் ஒத்துழைப்புடன், வெளியிட்டது. எந்தச் சேர்வை, எந்த அளவில், எவ்வளவு செலவில் என்பன யாவும் அறியப்பட்டிருந்தன. 1937ஆம் ஆண்டு நிகழ்வை 'அறியாமையின் விளைவு' என்று எழுதுவோர் இந்த ஆறாண்டு இடைவெளியை மனங்கொள்வதில்லை. கருவியும் அறிவும் இருந்தன. கட்டாயம் இருக்கவில்லை.

2

1930 ஒக்ரோபரில் கிழக்கு ரெக்சாசின் ரஸ்க் மாவட்டத்தில் முதியவரான ஜோய்னர் தோண்டிய கிணற்றிலிருந்து எண்ணெய் பீறிட்டது. அதுவரை பருத்தியும் சோளமும் பயிரிட்டு வறுமையில் உழன்ற அப்பிரதேசம் சில மாதங்களிற் கிணற்றுக் கோபுரங்களின் காடாயிற்று. அக்காலம் பெரும் பொருளாதார மந்தத்தின் காலம். கட்டுப்பாடற்ற உற்பத்தியால் 1931இல் பீப்பாய் ஒன்றின் விலை பத்துச் சதம் வரை வீழ்ந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் ஆளுநர் ஸ்டேலிங் இராணுவச் சட்டம் பிறப்பித்துத் தேசியக் காவற்படையை எண்ணெய் வயலுக்கு அனுப்பினார். முதலாளித்துவத்தின் மிகையுற்பத்தி நெருக்கடியைத் துப்பாக்கி முனையில் நிறுத்த முயன்ற அரிய காட்சி அது.

எண்ணெய்யின் நிலை இதுவானால் அதனுடன் மேலெழும் வாயுவின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வாயுவிலிருந்து பெற்றோலின் இலேசான பகுதி பிரித்தெடுக்கப்பட்டது, அதற்கு விலையுண்டு. எஞ்சிய வாயுவைத் தொலைதூரச் சந்தைக்குக் கொண்டுசெல்வது இலாபகரமாக இல்லாமையால், அது கிணற்றோரங்களில் இரவும் பகலும் எரித்து அழிக்கப்பட்டது. அதற்குப் பயன்பாட்டுப் பெறுமதி நிறைய இருந்தது; ஒரு வீட்டையோ பாடசாலையையோ குளிர்காலம் முழுவதும் சூடேற்றும் ஆற்றல் அதற்குண்டு. பரிவர்த்தனைப் பெறுமதிதான் இருக்கவில்லை. எனவே அவ்வட்டாரத்து மக்கள் அவ்வெச்ச வாயுக் குழாய்களில் தாமே துளையிட்டு இணைப்பெடுத்துக்கொள்வது வழக்கமாயிற்று. கம்பனிகள் அதனை அனுமதிக்கவுமில்லை, பெரிதாகத் தடுக்கவுமில்லை. வீசி எறியப்படுவதைப் பொறுக்கிக்கொள்வதை யாரும் களவென்று கருதவில்லை.

நியூ இலண்டன் என்ற சிற்றூரின் பாடசாலை மாவட்டம் எண்ணெய் வரியினால் நாட்டின் செல்வம் மிக்க கிராமியப் பாடசாலை மாவட்டங்களுள் ஒன்றாகியிருந்தது. பத்து இலட்சம் டொலர் செலவிற் கட்டப்பட்டதாகப் பேசப்பட்ட அதன் உருக்குச் சட்டகக் கட்டடத்தில் வெள்ளையரின் பிள்ளைகள் பயின்றனர். ரெக்சாஸ் மாநிலச் சட்டம் கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பாடசாலைகளை விதித்திருந்த காலம் அது. சரிவான நிலத்தில் எழுப்பப்பட்டமையால் கட்டடத்தின் அடியில் 253 அடி நீளமான வெற்றிடம் ஒன்று அமைந்திருந்தது. கட்டடக்கலைஞர் நீராவிக் கொதிகலனால் சூடேற்றும் முறையைத் திட்டமிட்டிருந்தார். நிருவாகசபை அதனைக் கைவிட்டு, கட்டடமெங்கும் 72 வாயுச் சூடேற்றிகளைப் பொருத்தியது. 1937இன் தொடக்கத்தில், மாதமொன்றுக்குச் சில நூறு டொலரைச் சேமிக்கும் பொருட்டு, வாயு விற்கும் கம்பனியுடனான ஒப்பந்தத்தையும் அது முறித்துக்கொண்டது. பாடசாலைக்கு அண்மையிற் சென்ற, பரேட் கசோலின் கம்பனியின் எச்ச வாயுக் குழாயிலிருந்து பாடசாலைக்கு இணைப்பெடுக்கப்பட்டது.

அவ்வாயுவுக்கு மணமில்லை. இணைப்பில் எங்கோ கசிந்து கட்டடத்தின் கீழுள்ள வெற்றிடத்தை அது நிரப்பியது. பிள்ளைகள் தலைவலி என்று முறையிட்டதாகப் பின்னர் கூறப்பட்டது. ஒருவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1937 மார்ச் 18ஆந் திகதி வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி கடந்து சில நிமிடங்களில், கைப்பணி ஆசிரியர் மின்சாரத் தேய்ப்புக் கருவியொன்றை இயக்கினார். அதிற் பறந்த பொறி போதுமானதாயிருந்தது. கட்டடம் மேலெழுந்து மீண்டும் தன்மேலேயே விழுந்தது என்பர் கண்டோர். இரண்டு தொன் எடையுள்ள கொங்கிறீற்றுப் பாளமொன்று இருநூறு அடிக்கப்பால் நின்ற மோட்டார் வண்டியை நசுக்கியது. மாணவரும் ஆசிரியருமாக மாண்டோர் ஏறத்தாழ முந்நூறு பேர். கீழ்வகுப்புச் சிறுவர் முன்னரே வீடு சென்றிருந்தனர்; பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் வேறொரு கட்டடத்தில் நடந்துகொண்டிருந்தது. அவ்வகையில் தாய்மாருட் பலர் தப்பினர், தம் பிள்ளைகளின் சாவைக் கண்ணெதிரே காண்பதற்காக.

மீட்புப் பணியைச் செய்தவர்கள் எண்ணெய் வயல் தொழிலாளர்கள். உருக்கை அறுக்கும் சுவாலைகளையும் பாரந்தூக்கிகளையும் கொண்டுவந்து, மழையில் இரவிரவாக, வெறுங்கையாலும் இடிபாடுகளை அகற்றினர். இறந்த பிள்ளைகளிற் பலர் அவர்களுடைய பிள்ளைகளே. ரைலர் நகரில் மறுநாள் திறக்கப்படவிருந்த மருத்துவமனை விழாவைக் கைவிட்டு அன்றே கதவைத் திறந்தது. உலகெங்குமிருந்து அனுதாபச் செய்திகள் வந்தன. அவற்றுள் ஒன்று ஹிட்லருடையது. அச்செய்தி அனுப்பப்பட்டு ஆறு வாரம் கழிவதற்குள், ஏப்ரில் 26ஆந் திகதி, அவருடைய விமானங்கள் ஸ்பானிய நாட்டின் குவேர்னிகா நகரைக் குண்டுவீசி எரித்தன. குழந்தைகளுக்காக வடிக்கப்படும் அரச கண்ணீரை அளப்பதற்கு இந்தத் திகதிகள் உதவக்கூடும்.

விசாரணை மன்றம் தனிப்பட்ட எவரையும் குற்றவாளியாகக் காணவில்லை. பெற்றோர் தொடுத்த வழக்குகள் போதிய சான்றில்லையெனத் தள்ளப்பட்டன. தன் மகனையும் பறிகொடுத்திருந்த பாடசாலை மேற்பார்வையாளர் பதவி விலக நேர்ந்தது. அவ்வளவே.

இந்நிகழ்வை ஒரு கம்பனியின் பேராசையாகவோ ஒரு நிருவாகசபையின் கஞ்சத்தனமாகவோ சித்திரிப்பது எளிது. நமது முற்போக்கு எழுத்துகளில் இத்தகைய எளிமைகள் மலிந்துள்ளன. ஆயின் இங்குச் சிக்கல் ஆழமானது. பரேட் கம்பனி அவ்வாயுவை விற்கவில்லை. பாடசாலை அதனை வாங்கவுமில்லை. விற்பனை இல்லாத இடத்தில் விற்பவர் இல்லை. விற்பவர் இல்லாத இடத்திற் பாவனையாளரும் இல்லை. பாவனையாளர் இல்லாத இடத்தில் அவரைப் பாதுகாக்கும் கடப்பாடும் எவருக்கும் இல்லை. முதலாளித்துவ சட்டத்தில் மனிதர் ஒருவரையொருவர் சந்திப்பது பண்டங்களின் உடைமையாளராகவே. பண்டமாகாத ஒரு பொருள் மனிதரைக் கொல்லும்போது அச்சட்டத்துக்கு நா எழுவதில்லை. சான்று போதாமை என்று நீதிமன்றம் கூறியதன் உட்பொருளை இவ்வாறுதான் விளங்கிக்கொள்ள வேண்டியிருக்கின்றது. கம்பனியின் வாயு குழாயில் இருந்தது. ஆனால் அதற்கும் அப்பிள்ளைகளுக்குமிடையே சட்டம் அறிந்த உறவு எதுவும் இருக்கவில்லை.

3

ஆயினும் சட்டமன்றம் வாளாவிருக்க முடியவில்லை. சில வாரங்களுக்குள் ரெக்சாஸ் மாநிலம் வாயுவுக்கு நாற்றமூட்டுதலைக் கட்டாயப்படுத்தும் அதிகாரத்தை இரயில்வே ஆணைக்குழுவுக்கு வழங்கியது. (எண்ணெய்யையும் வாயுவையும் ஆளும் அமைப்புக்கு அங்கு இரயில்வே ஆணைக்குழு என்றே பெயர், பழைய ஏகபோகத்தைக் கட்டுப்படுத்தப் பிறந்த நிறுவனம் புதிய ஏகபோகத்தின் காவலராயிற்று.) பொறியியலாளர் பதிவு செய்யப்படல் வேண்டும் என்ற சட்டமும் அதே ஆண்டில் அங்கே நிறைவேறியது. ஏனைய மாநிலங்களும் படிப்படியாக நாற்றமூட்டலைப் பின்பற்றின.

அதே காலத்தைச் சேர்ந்த வேடிக்கையான செய்தியொன்றை இங்குக் குறிப்பிடலாம். 1938ஆம் ஆண்டளவில் கலிபோர்ணியாவில் எண்ணெய்க் கம்பனியொன்றின் பொறியியலாளர், மேர்கப்டன் கலந்த வாயு கசியும் இடங்களுக்கு மேலே பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிடுவதைக் கவனித்தனர். அழுகும் உடலிலிருந்து எழும் நாற்றத்தை அது ஒத்ததே காரணம். கெனத் ஸ்டேஜர் என்ற பறவையியலறிஞர் 1964இல் வெளியிட்ட ஆய்வில் இத்தகவலைப் பயன்படுத்தினார். அக்கழுகு கண்ணால் மட்டுமே இரை தேடுகின்றது என்று ஓடபன் காலத்திலிருந்து நிலவிய வாதத்துக்கு அவ்வாய்வு பலத்த அடி கொடுத்தது. கழுகின் மூக்குக் கம்பனிக்குக் கூலியின்றி உழைத்தது. மனித மூக்கும் அவ்வாறே உழைக்கின்றது என்பதைப் பின்னர் நோக்குவோம்.

நாடு முழுவதற்குமான சட்டம் வருவதற்கு மேலும் ஒரு பேரிடர் தேவைப்பட்டது. 1965 மார்ச் 4ஆந் திகதி லூசியானா மாநிலத்து நாக்கடிஷ் நகருக்கு அண்மையில் நெடுந்தொலைக் குழாயொன்று வெடித்துப் பதினேழு பேர் இறந்தனர். அதன் பின்னரே 1968இல் இயற்கை வாயுக் குழாய்ப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 1970இல் 192ஆம் பகுதி விதிகள் பிறந்தன. நியூ இலண்டனிலிருந்து எண்ணினால் முப்பத்துமூன்று ஆண்டுகள்.

அவ்விதிகளின் அமைப்பைச் சற்று நுணுகி நோக்குதல் தகும். வாயுவின் பயணம் மூன்று கட்டங்களாகப் பிரிக்கப்படுகின்றது: கிணறுகளிலிருந்து வாயுவைத் திரட்டும் சேகரிப்புக் குழாய், பிரதேசங்களைக் கடந்து செல்லும் நெடுந்தொலைக் குழாய், நகரிலும் ஊரிலும் வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் விநியோகக் குழாய். விநியோகக் குழாயில் நாற்றம் எப்போதும் கட்டாயம். நெடுந்தொலைக் குழாயிலோ சனநெருக்கம் மிக்க இடங்களில் மட்டுமே கட்டாயம். அதற்கும் விலக்குகள் பல. நெருக்கத்தை அளக்கும் முறை இது: குழாயின் இருபுறமும் 220 யார் வரை, ஒரு மைல் நீளத்துக்குள், மனிதர் தங்கும் கட்டடங்கள் எண்ணப்படுகின்றன. பத்தும் பத்துக்குக் குறைந்தனவும் முதல் வகுப்பு. நாற்பத்தாறோ அதற்கு மேலோ ஆயின் மூன்றாம் வகுப்பு. மாடிக் கட்டடங்கள் மிக்க நகர்ப்பகுதி நான்காம் வகுப்பு. மூன்றாம் நான்காம் வகுப்பு இடங்களூடாகச் செல்லும் குழாயிற்கூட, அவ்விடத்துக்கு அப்பால் எஞ்சியுள்ள நீளத்தில் அரைவாசியேனும் முதலிரு வகுப்பு நிலங்களூடாகச் செல்லுமாயின், நாற்றம் வேண்டியதில்லை.

இன்னொரு விலக்கும் உண்டு. நாற்றப்பொருள் கலந்தால் உற்பத்தி பழுதாகும், அல்லது ஊக்கியின் ஆற்றல் குன்றும் என்றால், அத்தொழிற்சாலைக்குச் செல்லும் நெடுந்தொலைக் குழாய்க்கும் நாற்றம் தேவையில்லை. மேர்கப்டனில் உள்ள கந்தகம் இரசாயன ஊக்கிகளுக்கு உண்மையிலேயே நஞ்சு, இதனை மறுப்பதற்கில்லை. ஆயினும் ஒரு சட்டத்தின் பத்திகளில் ஊக்கியின் நலனும் மனிதரின் நலனும் அடுத்தடுத்து எடைபோடப்படும் முறை வாசகரின் கவனத்துக்குரியது.

4

இப்பிரிவினையின் நடுவே தர்மசங்கடமான ஒரு நபர் நிற்கின்றார். அவர் நெடுந்தொலைக் குழாய் தன் வயலைக் கடந்து செல்ல இடங்கொடுத்த விவசாயி. குழாய் புதைக்கும் உரிமைக்குக் கைம்மாறாக, அக்குழாயிலிருந்தே ஓர் இணைப்பு அவருக்கு அளிக்கப்படுவதுண்டு. சிலவேளை இலவசமாக, சிலவேளை குறைந்த விலையில். 'பண்ணை இணைப்பு' என்று தொழில்துறையினர் வழங்கும் இது அமெரிக்காவின் மத்திய, தென் மாநிலங்களிற் பரவலாக உண்டு. நகர வாயுக் கம்பனி இல்லை, ஊர் விநியோக வலைப்பின்னல் இல்லை. நெடுஞ்சாலையிலிருந்து நேரே வீட்டு முற்றத்துக்கு இறங்கும் ஒற்றையடிப்பாதை போன்றது அது.

இவ்விணைப்பு எந்த வகையைச் சார்ந்தது? நெடுந்தொலைக் குழாயின் ஒரு கிளையென்றால் நாற்றம் தேவைப்படாமற் போகலாம். ஆளில்லா வெளியில் அல்லவா அவ்வீடு நிற்கின்றது! விநியோகம் என்றால் நாற்றம் கட்டாயம். விதிகளின் வரைவிலக்கணமே இதற்கு விடை தருகின்றது. பொதுவான வழங்கல் மூலமொன்றிலிருந்து தனியொரு பாவனையாளருக்கு வாயுவைக் கொண்டுசெல்லும் குழாய் சேவைக் குழாய் எனப்படும். சேவைக் குழாய் விநியோகக் குழாயின் ஒரு வகை. ஆகவே பெரிய குழாய் எதுவாயிருப்பினும் அதிலிருந்து தனி வீட்டுக்குப் பிரியும் சிறு குழாயில் விநியோகத்தின் கடப்பாடு தொடங்கிவிடுகின்றது. கூட்டாட்சிக் குழாய்ப் பாதுகாப்பு நிருவாகம் தன்னிடம் விளக்கம் கேட்ட கம்பனிகளுக்கு நெடுங்காலமாகக் கூறிவந்த நிலைப்பாடு இதுவே. ஒரே ஒரு வீடாயினும் ஒரு பாவனையாளர் பாவனையாளரே.

இதற்கான கருவி எளிமையானது. நாற்றத் திரவம் கொண்ட சிறு கலமொன்று வீட்டுக் கிளைக்குழாயிற் பொருத்தப்படுகின்றது. அதிலிருந்து ஒரு திரி வாயு செல்லும் வழியில் நீட்டப்பட்டிருக்கும். நமது குத்துவிளக்கில் எண்ணெய்யைத் திரி உறிஞ்சுவது போல, திரவம் திரியில் ஏறி வாயுவிற் கலந்து ஆவியாகின்றது. நகர நிலையங்களில் இலட்சக்கணக்கானோருக்குப் பம்பிகள் செய்யும் வேலையை இங்கு ஒரு வீட்டுக்கு ஒரு திரி செய்கின்றது. கலம் வற்றினால் வாயு மீண்டும் ஊமையாகிவிடும். அதனை நிரப்புவதும், வாயுவின் மாதிரியைக் காலந்தோறும் சோதிப்பதும் கம்பனியின் பொறுப்பு. ஆனால் மைல் கணக்கில் சிதறிக் கிடக்கும் தனி வீடுகளுக்கு ஆளனுப்புவது இலாபம் தரும் காரியமன்று. இத்தகைய இணைப்புகளின் அழுத்தக் கட்டுப்பாட்டுக் கருவிகளை மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் பரிசோதிக்க வேண்டும் என்ற தனி விதி 2017இலேயே வந்தது. 2021இல் வேறொரு பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் அவற்றைக் கொண்டுவந்தாலும் போதும் எனத் தளர்த்தப்பட்டது. குழாய்க் கம்பனிகளிற் சில பண்ணை இணைப்புகளைத் துண்டித்துவிடுவதே மலிவு எனக் கருதுவதிலும் வியப்பில்லை.

பண்ணை வீட்டின் நிலையைச் சிந்தித்துப் பார்த்தல் வேண்டும். அடுப்படியிற் கசியும் வாயு நாறும். வயலில் புதைந்துள்ள பெருங்குழாயிற் கசியும் அதே வாயு நாறாது. இரண்டும் ஒரே கிணற்றிலிருந்து வருபவை. ஒரே குடும்பத்தைக் கொல்ல வல்லவை. வேறுபாடு வாயுவில் இல்லை. கிளை பிரியும் வால்வில், அதாவது போக்குவரத்து விற்பனையாக மாறும் புள்ளியில் இருக்கின்றது. நியூ இலண்டன் பிள்ளைகளைக் காக்கத் தவறிய எல்லைக்கோடு முப்பது மைல் நகர்ந்திருக்கலாம், அது அழிந்துவிடவில்லை.

இப்பிரிவினை தொழில்நுட்பத்தின் தவிர்க்கவியலாத விதி என்போருக்குப் பிரான்சின் உதாரணத்தைக் காட்டலாம். அங்கு வாயு நெடுந்தொலை வலைப்பின்னலில் நுழையும் இடத்திலேயே நாற்றமூட்டப்படுகின்றது. பெருங்குழாயும் நாறும், சிறுகுழாயும் நாறும். 1946இல் தேசியமயமாக்கப்பட்ட ஒரே நிறுவனத்தின் கீழ் நெடுங்காலம் இருந்த வலைப்பின்னல் அது. ஜேர்மனியிலோ விநியோக மட்டத்திலேயே நாற்றம் சேர்க்கப்படுகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் எல்லை கடந்த வாயுச் சந்தையை உருவாக்க முனைந்தபோது, பிரெஞ்சு வாயு நாறுகின்றது என்பதனாலேயே அதனை ஜேர்மனிக்குள் திருப்பி அனுப்ப முடியாத நிலை தோன்றியது. சந்தைத் தடையென்று அது முறையிடப்பட்டது. ஒருவருடைய பாதுகாப்பு இன்னொருவருடைய சந்தைத் தடை. அரசுடைமையே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்று நான் வாதிட வரவில்லை. நாற்றத்தை எங்கே தொடங்குவது என்பது தெரிவுக்குரிய விடயம் என்பதே இங்குப் பெறப்படுவது.

5

இனி மூக்குக்கு வருவோம். நாற்றமூட்டல் வாயுக் கசிவைத் தடுப்பதில்லை, கசிவை அறிவிக்கின்றது. அறிவிப்பை ஏற்பது யார்? வீட்டிலிருப்பவர். பல சமூகங்களில் அடுப்படியில் நாளின் பெரும்பகுதியைக் கழிப்பவள் பெண். ஆகவே ஒரு பெருந்தொழிலின் இறுதிப் பாதுகாப்புப் பரிசோதகர், சம்பளமின்றி, இரவும் பகலும் கடமையிலிருக்கும் இல்லத்தரசியே. கம்பனி தன் பண்டத்தின் ஆபத்தைக் கண்காணிக்கும் உழைப்பின் ஒரு பகுதியைப் பாவனையாளரின் உடலுறுப்பொன்றிடம் ஒப்படைத்துவிட்டது. மலிவான, சிறந்த முறைதான். எண்ணற்ற உயிர்களை அது காத்துள்ளது என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அம்மூக்கு 'இயல்பானதாக' இருத்தல் வேண்டும் என்ற நிபந்தனை சட்டத்திலேயே உண்டு. முதுமையில் மோப்பம் மங்கும். உறக்கத்தில் அது நம்பத்தக்கதன்று. 2020இல் பரவிய கொரோனா நோய் பெருந்தொகையானோரின் மோப்பத்தைத் தற்காலிகமாகவேனும் பறித்தது. புதிய உருக்குக் குழாயின் உட்சுவர் நாற்றப்பொருளை உறிஞ்சிவிடுவதும், நிலத்தினூடே கசியும் வாயுவிலிருந்து மண் அதனை வடித்துவிடுவதும் அறியப்பட்ட உண்மைகள். இயல்பான மூக்குக்கும் இயல்பற்ற வாயு வந்து சேரலாம்.

இலங்கையில் வீடுகளுக்குக் குழாய்வழி இயற்கை வாயு கிடையாது. சிலிண்டரில் வரும் திரவப் பெற்றோலிய வாயுவே நமது அடுப்புகளை எரிக்கின்றது. ஆயினும் நாற்றம் பற்றிய கேள்வி நம்மையும் தேடி வந்தது. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் வாயு அடுப்புகளும் இணைப்புகளும் வெடித்தபோது, சிலிண்டரில் அடைக்கப்பட்ட கலவையின் விகிதம் மாற்றப்பட்டமை முதலிற் பேசப்பட்டது. அடுத்து எழுந்தது எத்தைல் மேர்கப்டன் போதிய அளவில் உள்ளதா என்ற கேள்வி. அவ்வளவு போதாதெனக் கண்டு டிசம்பரில் ஒரு கப்பலின் வாயு ஏற்க மறுக்கப்பட்டது. அதுவரை பெரும்பாலோர் கேள்விப்பட்டிராத ஓர் இரசாயனப் பெயர் சில வாரங்கள் பத்திரிகைத் தலைப்புகளில் நின்றது. அக்கலவை பற்றிய தகவல், அதனை அன்றாடம் பற்றவைத்தவர்களுக்கு அடுப்புகள் வெடித்த பின்னரே எட்டியது.

1937இன் வினா தீர்ந்துவிட்டதா என்பதற்கு அமெரிக்க வரலாற்றிலேயே பிந்திய சான்றொன்றுண்டு. கொலறாடோ மாநிலத்து பயர்ஸ்டோன் என்ற ஊரில், 1993இல் தோண்டப்பட்ட எண்ணெய் வாயுக் கிணறொன்றுக்கு மிக அருகே புதிய குடியிருப்புகள் எழுந்தன. கிணற்றிலிருந்து சென்ற, பாவனையிலிருந்து நீக்கப்பட்ட ஓர் அங்குலக் குழாயொன்று வெட்டுண்டு, முனை அடைக்கப்படாமல், மண்ணுக்குள் கிடந்தது. கிணற்றோரத்தில் அதன் வால்வு திறந்தபடி இருந்தது. சிலகாலம் மூடப்பட்டிருந்த கிணறு 2017 ஜனவரியில் மீண்டும் இயக்கப்பட்டதும், வாயு அக்குழாய்வழியே மண்ணுக்குள் வந்து, நிலத்தடி வடிகால் வழியாக ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை நிரப்பியது. அவ்வீட்டுக்குக் கம்பனி வாயு வழங்கும் குழாய் வேறாக இருந்தது. அதில் நாற்றம் இருந்தது. கிணற்றிலிருந்து வந்ததோ பதப்படுத்தப்படாத, எவருக்கும் விற்கப்படாத வாயு. ஏப்ரில் 17ஆந் திகதி கீழ்த்தளத்தில் வெந்நீர்க் கலமொன்றை மாற்றிக்கொண்டிருந்த இருவர் வெடிப்பில் இறந்தனர்.

தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை அதனை விசாரித்து 2019இல் அறிக்கை வெளியிட்டது. மாநில அதிகாரிகள் 2017 மே மாதத்திலேயே, மனிதர் வாழும் கட்டடங்களிலிருந்து ஆயிரம் அடிக்குள் அமைந்த கிணற்றுக் குழாய்களைச் சோதிக்குமாறும், பாவனையற்றவற்றை முனையடைக்குமாறும் கம்பனிகளுக்கு உத்தரவிட்டனர். கிணற்றுக்கும் பதப்படுத்தும் ஆலைக்கும் இடையே செல்லும் வாயுவுக்கு நாற்றமூட்ட வேண்டும் என்று கூட்டாட்சி விதி இன்றும் பொதுவாகக் கோருவதில்லை. அக்குழாயின் முனையில் பாவனையாளர் எவரும் இல்லை என்பது அதன் எடுகோள்.